லண்டன் எத்தனாவது கட்டை

ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். பிளேன் என்றால் உங்களுக்குப் பயமா இல்லையா? எனக்குப் பயம். அறுபதைத் தாண்டி, முட்டி தேய்ந்து, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் வயதிலும் பயம்தான். கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக நிற்கிறது. என் மகன் கைப்பேசியைக் காட்டி, "பதினாலு மணி நேரம்தாம்மா. ரெண்டு படம் பாத்துட்டு ஒரு தூக்கம் போட்டா லண்டன். இதுக்குப் போயி என்னம்மா?" என்கிறான். கைப்பேசியில் ஒரு குட்டி விமானம் கடலுக்கு மேல் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. அது யாரோ போகிற விமானம். அதைக்கூடப் பார்க்க முடியாமல் கைப்பேசியைத் தள்ளிவிட்டேன்.

அங்கே என் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவள். இப்போது அவளை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். நான் போய் இறங்கும்வரை இருப்பாளா என்று கேட்டால் அவள் பிள்ளைகள் பேச்சை மாற்றுகிறார்கள். என் பயம் இதுதான். ஆனால் இதே பயத்தை நான் சின்ன வயதிலேயே ஒரு தடவை பட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நமக்கெல்லாம் தூரம் என்றால் கட்டை. என் மகனுக்குக் கட்டை என்றால் விறகு, நமக்கு அது மைல். ரோட்டோரம் மைல்கல் நட்ட இடமெல்லாம் கட்டைதான். நாலாங்கட்டையில் மாரியம்மன் கோயில், ஆறாங்கட்டையில் மளிகைக் கடை, எங்கள் தோட்டம் ஒன்பதாங்கட்டை. அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அதனால் எங்கள் வீட்டில் பேச்சே கட்டைக் கணக்கில்தான் நடக்கும். கடலோர ஜெராமில் மீன் மலிவாம் என்று யாராவது சொன்னால், அதற்கு எத்தனை கட்டை எண்ணெய் எரியும் என்று அப்பா உடனே சொல்லிவிடுவார்.

அக்காவுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த மழைக்காலத்தில் எனக்கு ஒன்பது வயதோ பத்தோ இருக்கும். அம்மா பால்மரம் சீவுகிறவள். அக்காவைப் பக்கத்து டவுன் கிள்ளானுக்குக்கூட அவள் தனியாக அனுப்பியதில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கைக் கிராணி ஐயா என்போம் இல்லையா, எங்கள் கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். படிப்புக்கு எல்லா ஏற்பாடும் செய்தவர் அவர்தான். அவருடைய தம்பி லண்டனில் இருந்தார். அவர் விமான நிலையத்துக்கு வந்து அக்காவை அழைத்துப் போவார், வீட்டுக்குப் போனதும் தோட்டத்து ஆபீசுக்கு போன் போடுவார் என்று பேச்சு. அம்மா இது எதையும் காதில் வாங்கவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு தூரம்?"

ஒருநாள் எதிர்வீட்டு அத்தை வாசலில் மீன் கழுவிக்கொண்டே அந்தக் கேள்வியைச் சரியான பாஷையில் கேட்டுவிட்டாள். "ஆமாண்ணே, லண்டன் எத்தனாவது கட்டை?"

அப்பா உற்சாகமாக, "ஆறாயிரம் கட்டைக்கு மேல இருக்கும்லா," என்றார்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "வயசுப் பொண்ணு வெளிய கெளம்புற நேரத்துல கட்டை கட்டைங்கிறீங்களே, ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? கட்டையில போறதுக்கா புள்ளைய பெத்தேன்?"

சுடலையில் அடுக்குவதும் கட்டைதானே. அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. அடுப்புக்கு விறகு வேண்டுமென்றால்கூட, "அது ரெண்டு எடுத்துட்டு வா," என்பாள் அம்மா. அத்தை விளையாட்டுக்கு, "ஜெராம் எத்தனாவது அதுண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயில் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஆறாயிரம் கட்டையையும் மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். அடுக்கி முடிந்ததும் அதன்மேல் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் தூக்கத்தில் கையை இழுத்துக்கொள்வாள்.

கட்டையைச் சொல்ல முடியாமல் போனதால் அப்பா மணிக் கணக்குக்கு மாறினார். அக்காவின் டிக்கெட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் விளக்கினார். "சுபாங் ஏர்போர்ட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறுறா. லண்டன்ல காலையில ஆறு மணிக்கு எறங்குறா. பதினோரு மணி நேரம். அவ்வளவுதான். சரக்கு ஏத்திக்கிட்டு நான் சிங்கப்பூர் போற நேரம்."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"வேணும்னா கிராணி ஐயாவையே கேட்டுப் பாரு."

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். கிராணி ஐயா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு டிக்கெட்டைப் பார்த்தார். "ஓம் அம்மா. காலமை ஆறு மணிக்கு அங்கை நிப்பாள். ஒண்டுக்கும் யோசிக்காதை," என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எந்த ஊர் ஆறு மணி என்று அவர் சொல்லவில்லை, அம்மாவுக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. ஊருக்கு ஒரு மணி இருக்கும் என்று நம் லயத்தில் யாருக்குத் தெரியும்? தோட்டம் முழுக்க, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணி ஒன்றுதானே. சிங்கப்பூர் தூரம்தானே என்று அம்மா அன்றைக்குத்தான் தலையாட்டினாள்.

போகிறவள் ஒருத்தி, வழியனுப்ப ஒரு லோரி ஆட்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? மானேஜர் தொரையிடம் கேட்டு அப்பா லோரியை வாங்கிவிட்டார். அக்கா புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள், வேர்த்து ஊற்றியது, கழற்றமாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, ரப்பர் பாலின் புளித்த வாடையோடு. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜெராமைத் தாண்டும்போது கருவாட்டு வாடையும் சேர்ந்துகொண்டது. பயத்தோடு அந்த இரண்டு வாடையும் எனக்கு ஒட்டிப்போய்விட்டது. இன்றைக்கும் கருவாடு வறுத்தால் எனக்கு யாரோ ஊருக்குப் போகிற மாதிரி இருக்கும்.

புறப்படும்போது அம்மா லோரியின் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். இன்னொரு பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அது பிளேன் சக்கரத்துக்கு. சுபாங்கில் போய் இறங்கிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளேனைப் பார்த்த பிறகுதான், அதன் கிட்டேயே போகமுடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போய், "தங்கச்சி, இத அந்தப் பிளேன் சக்கரத்துக்கு அடியில வச்சிருவியாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டாள். "வச்சிருறேங்கா. நீங்க அழாம போங்க," என்றாள். அவள் எங்கே வைத்திருக்கப் போகிறாள்? இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். அந்த ஒரு பேச்சில் அம்மா மாடிவரை நடந்து வந்தாள்.

மாடியில், கைகாட்டும் இடத்தில், காற்றோடு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம் அடித்தது. அக்கா எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் கைகாட்டினோம். இரைச்சலில் கம்பி அதிர்ந்தது, அதைப் பிடித்திருந்த என் கையும் அதிர்ந்தது. அவ்வளவு பெரிய சாமான் மேலே ஏறியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது கீழே விழும் என்பதுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அதன் சிவப்பு விளக்கு மேகத்துக்குள் போனது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெரட்டு மணி அடித்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, "எறங்கிட்டா," என்றாள். அன்றைக்கு அவள் மரம் சீவப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நேரே ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக உள்ளே மேஜைமேல் இருக்கும் போன் தெரியும். கிராணி ஐயா அன்றைக்கென்று பார்த்துத் தலைமை ஆபீஸ் வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தார். சின்னக் கிளார்க் மட்டும் இருந்தார். அவர் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் "வரும்லா, வரும்லா" என்றார்.

நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தபோது அப்பா லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் முன்னால் நின்றிருந்தார்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றார்.

"என்ன நேரம் இருக்கு? ஆறு மணி அடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு! நீங்க சிங்கப்பூர் போயி எறங்கினா இவ்வளவு நேரமா சும்மா நிப்பீங்க?"

அப்பா காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு லோரிக்குப் போய்விட்டார். அதன் பிறகும் லோரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இறங்கி வந்து அதே வார்த்தையைச் சொன்னாராம்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடித்ததும் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே, "ஒங்க அக்கா கட்டையில போயிட்டாளாமே?" என்றாள்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டு மாமா காலையில் கடையில் கோப்பி குடித்துக்கொண்டே, "இந்நேரம் ஆறாயிரம் கட்டை போயிருப்பா," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். போன் வரவில்லை என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. வாய்க்கு வாய் மாறி வந்ததில் ஆறாயிரம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, கட்டை மட்டும் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. ஆனால் அப்போது எனக்கு அது தெரியாதே. அம்மா எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்றாளோ அந்த வார்த்தை என் அக்காவின் பெயரோடு வந்து நின்றது. வாத்தியாரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. வீட்டில் அடுப்புப் புகை இல்லை. கதவு திறந்து கிடந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் பழைய பாவாடையை யாரோ மடித்துப் பாயின் மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எதிர்வீட்டு அத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் வாய் கோணிக்கொண்டது. கட்டி அணைத்துக்கொண்டு, "வாடி கண்ணு, ஒங்கம்மாகிட்ட போவோம்," என்றாள். நமக்கெல்லாம் பெரியவர்கள் 'கண்ணு' என்று கூப்பிட்டாலே பயம்தானே. காரணம் இல்லாமல் கூப்பிடமாட்டார்கள்.

ஆபீஸ் வராந்தாவில் லயத்துப் பெண்கள் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பிளேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எல்லோருக்கும் அதிகப் பயமாக இருந்தது. ஒரு கிழவி மெல்ல ராகம் இழுக்க ஆரம்பித்தாள், இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் சேலையை இழுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கிராணி ஐயாவின் கார் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "என்ன நடந்தது? ஆருக்கு என்ன?" என்று ஓடி வந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அங்கை இப்பதான் விடியுது அம்மா!"

அம்மா முதல் தடவையாக வாய் திறந்தாள். "ஐயா, எனக்குப் படிப்பு இல்லதான். அதுக்காகப் பட்டப் பகல்ல விடியுதுன்னு சொல்லாதீங்க."

"இஞ்சை பாரம்மா. சூரியன் முதல்ல எங்களிட்டை வந்துட்டுத்தான் பிறகு அவையிட்டைப் போகும். இஞ்சை பெரட்டு முடிஞ்சு கனநேரத்துக்குப் பிறகுதான் அங்கை பெரட்டு. அந்த ஆறு மணிதான் டிக்கெட்டிலை இருக்கு."

"எவ்வளவு நேரத்துக்குப் பொறகு?"

"ஏழரை மணித்தியாலம்."

வராந்தா முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. "ஏழரையா!" என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஏழரையிலயா எம்புள்ளைய கொண்டு போயி விட்டீங்க!"

சனீஸ்வரனின் எண்ணைச் சொல்ல அவருக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. உள்ளதே அவ்வளவுதான், அவர் என்ன செய்வார்? நம் மலேசியக் கடிகாரம் அப்போது அப்படித்தான் இருந்தது. பாவம், மனிதர் பதறிப்போய், "இல்லை இல்லை, எட்டு. எட்டு எண்டு வைச்சுக்கொள் அம்மா," என்றார்.

எல்லோரும் எங்கே பார்த்தார்களோ தெரியாது. நான் அப்பாவைப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, கிராணி ஐயா பேசத் தொடங்கியதிலிருந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

போன் அடித்தது. கிராணி ஐயா எடுத்து, இங்கிலீஷில் ஆபரேட்டரிடம் பேசி, அம்மாவின் கையில் கொடுத்தார். அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அக்காவின் குரல். "அம்மா? நான்தாம்மா."

"உசுரோட இருக்கியா?" என்றாள் அம்மா.

"இருக்கேம்மா. ரொம்பக் குளுருது. இப்பத்தான் வெளிச்சம் வருது."

"அங்க காலையா?"

"காலைதாம்மா."

அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள். போனைக் கிராணி ஐயாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தோட்டமே கேட்கிற மாதிரி அழுதாள். என் பயம் அப்போதுதான் இறங்கியது. காலில் ஒரு செருப்புத்தான் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே அப்பா கோலசிலாங்கூருக்குப் போய் ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கி வந்தார். சீனாவில் செய்தது, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கோழி தலையை ஆட்டித் தானியம் கொத்தும். உங்களில் பல பேர் வீட்டில் இருந்திருக்கும். எங்கள் வீட்டுக் கோழி லண்டன் நேரத்துக்குக் கொத்தியது. நம் மணிக்கு எட்டு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். ஏழரை என்ற பேச்சையே அம்மா வீட்டுக்குள் விடவில்லை. அதனால் அந்தக் கடிகாரம் எப்போதும் அரை மணி நேரம் தப்பு. பல வருஷம் கழித்து அரசாங்கமே நாட்டுக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அப்பா வீட்டிலிருந்த இரண்டு கடிகாரத்தையும் தள்ளி வைத்தார். அப்போது வித்தியாசம் நிஜமாகவே எட்டாகி, அம்மாவின் கோழி தானாகவே சரியாகிவிட்டது. கோடையில் லண்டன்காரர்கள் வேறு ஒரு மணி நேரத்தை மாற்றிக்கொள்வார்களாம், அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நான் பாத்திரத்தை உருட்டினால், "சத்தம் போடாதடி, அக்கா தூங்குறா," என்பாள் அம்மா. அக்கா எப்போதாவது போன் பண்ணி, இத்தனை மணிக்கு டியூட்டி, இத்தனை மணிக்குப் பரீட்சை என்று சொன்னால் உடனே கேட்பாள், "ஒன் மணியா, என் மணியா?" சாகும்வரை அதைக் கேட்காமல் அவள் எந்த நேரத்தையும் நம்பியதில்லை. தோட்டத்தை விற்று எங்களை அடுக்கு வீட்டுக்கு மாற்றியபோது அந்தக் கடிகாரம் எந்தப் பெட்டியில் போனதோ, கிடைக்கவேயில்லை.

அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். அப்போது அம்மா போய்விட்டாள். "ஆறாயிரம் கட்டைய பதினோரு மணி நேரத்துல போகமுடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாப்பா? ஆயுசு முழுக்க லோரி ஓட்டினீங்களே?"

"ஒங்கக்கா போனாளா இல்லியா?" என்றார்.

சரியான தூரத்தைச் சொல்லியிருந்தால் அம்மா அனுப்பியிருக்கமாட்டாள். அதனால் மனிதர் டிக்கெட்டில் இருந்ததை மட்டும் சொன்னார். உண்மையில் எத்தனை மணி நேரம் என்பது அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு பகலில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு, 'இன்னும் நேரம் இருக்கு' என்பதைத் தவிர வேறு சொல்ல முடியாமல் லோரியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்தான். அவர் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

மகன் கீழே காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், அவனுக்குத் தெரியாது. சற்று முன்னால் அக்காவின் மகள் கைப்பேசியில் அவளைக் காட்டினாள். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிப்போய், அம்மாவின் கடைசிக் கால முகம் அப்படியே வந்துவிட்டது. என்னை அடையாளம் தெரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"அக்கா, இன்னைக்கு ராத்திரி ஏறுறேன். காலையில ஆறு மணிக்கு வந்து எறங்கிடுவேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அடியே, ஒங்கம்மாவைப் பாரு என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் உதடு அசைந்தது.

"ஒன் மணியா, என் மணியா?"

"ஒன் மணிதாங்கா."

விரலை மடக்கி அவள் எதையோ எண்ணினாள்.

"அப்ப சரி," என்றாள். "அதுவரைக்கும் இருக்கேன்."